எந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

பங்குனிப் பிரதோஷத்தன்று கொல்லிமலைப் பெரியகோவிலூரில் அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள். மேலே சாமி படம், கீழே கட்சிச் சின்னம், நடுவில் ஐந்தாறு வரி. ஆணுக்கும் ஆணுக்கும், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்களாம். தெய்வம் வகுத்த திருமணத்தைக் காப்பாற்ற ஆன்மிக அன்பர்கள் யோசித்து ஓட்டுப் போட வேண்டுமாம். கொடுத்தவர் எனக்குத் தெரிந்தவர், எங்கள் மலைக்காரர். "டீச்சரம்மா, நீங்க சாமி கும்பிடறவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்கதான் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லணும்" என்றார்.

"அண்ணா, உங்க கல்யாணம் எந்தச் சட்டப்படி நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"இதென்னம்மா கேள்வி? இந்துச் சட்டப்படிதான்."

இல்லை. அவருடைய கல்யாணம் இந்துச் சட்டப்படி நடக்கவில்லை. என் கல்யாணமும் அப்படி நடக்கவில்லை. கொல்லிமலையில் தாலி கட்டிக்கொண்ட மலையாளிப் பழங்குடிக் குடும்பம் எதற்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைப் புரட்டினால் இரண்டாவது பிரிவிலேயே இருக்கிறது: மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் இல்லை. எங்களுக்கு எங்கள் வழக்கம்தான் சட்டம். மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்தார்கள், ஊர்க்கவுண்டர் முன்னால் பேசி முடித்தார்கள், கல்யாணம் ஆனது. ஒத்துவராவிட்டால் ஊர் கூடித் தீர்த்துவிடுவார்கள். தீர்த்துவிட்ட பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டால் அவளை யாரும் சாமி குத்தம் செய்தவள் என்று சொன்னதில்லை. கீழே சமவெளியில் கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்யலாமா என்று பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் மலையில் அது வெகு சாதாரணம். பாராளுமன்றம் இதை ஏற்றுக்கொண்டு, உங்கள் கல்யாணம் உங்கள் வழியிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

அப்படியிருக்க, தெய்வம் வகுத்த ஒரே திருமணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அது ஒன்றே ஒன்று என்றால் எங்கள் கல்யாணம் என்ன? எங்கள் பிள்ளைகள் யார்?

நாங்கள் எப்படி வந்தோம் என்று பெரியவர்கள் சொல்லும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்தார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள். யாரைக் கட்டினார்கள்? ஒருவர் கைக்கோளர் வீட்டுப் பெண்ணை, ஒருவர் வேடர் வீட்டுப் பெண்ணை, ஒருவர் பள்ளர் வீட்டுப் பெண்ணை. எந்த மலைக்கு எந்தப் பெண் என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வித்தியாசம் இருக்கும். மூன்று பேரும் தங்கள் சாதிக்கு வெளியேதான் கட்டினார்கள் என்பதில் வித்தியாசம் இல்லை. இன்றைய திருமணக் காவலர்கள் அன்று அடிவாரத்தில் நின்றிருந்தால் மூன்று ஜோடிகளையும் வெட்டிப் போட்டிருப்பார்கள். கொல்லிமலையில் மனிதக் குடியே இருந்திருக்காது.

ஊருக்கெல்லாம் ஒரே சட்டம் வேண்டும் என்று முழங்குகிறவர்களும் மலை என்று வந்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். உத்தராகண்டில் 2025 ஜனவரியில் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆணும் பெண்ணும் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்கிற அளவுக்கு வீட்டுக்குள் புகுந்த சட்டம் அது. அதிலும் பழங்குடியினருக்கு விலக்கு. 2024 நவம்பரில் ஜார்க்கண்ட் தேர்தலின்போது உள்துறை அமைச்சர் அமித் ஷா மேடையேறி, பழங்குடியினர் இதில் வரமாட்டார்கள் என்று உறுதி கொடுத்தார். நல்லது, வரவேற்கிறேன். பழங்குடிகளின் ஓட்டு தேவைப்படுகிற இடத்தில் கல்யாணத்துக்குப் பல வடிவம் இருக்கலாம். ஓட்டு எண்ணிக்கையில் தெரியாத இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் மட்டும் பண்பாடு இடிந்து விழுந்துவிடும். இதில் பக்தி எங்கே இருக்கிறது? கணக்குதான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த நோட்டீஸை நம்புவதுதான் எனக்கு இன்னும் வேதனை. புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து அந்தக் கல்யாணங்களைச் செல்லும்படி ஆக்கினார். முன்னால் நடந்தவையும் செல்லும் என்றார். அதற்குப் பிறகு எந்தக் கோயில் கோபுரம் சாய்ந்தது? பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் கூட்டம் குறைந்தது?

இதெல்லாம் பட்டணத்து மோகம் என்பது அடுத்த பல்லவி. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசே அப்படித்தான் எழுதிக் கொடுத்தது, நகரத்து மேட்டுக்குடிகளின் எண்ணம் என்று. நான் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறேன். மேட்டுக்குடியும் இல்லை, நகரமும் இல்லை. நேபாளத்தில், இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில், 2023 நவம்பரில் முதல் ஒரேபாலினத் திருமணம் எங்கே பதிவானது தெரியுமா? தலைநகர் காத்மாண்டுவில் இல்லை. லம்ஜுங் என்ற மலை மாவட்டத்தின் ஒரு கிராமப்புற உள்ளாட்சி அலுவலகத்தில். அந்த இருவரும் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கிறவர் யார்? பாதி ஆண், பாதி பெண். அந்த அர்த்தநாரீசுவரரை வருஷா வருஷம் வைகாசியில் தேரில் வைத்து இழுக்கிறீர்கள். ஆண் என்றால் ஆண், பெண் என்றால் பெண், நடுவில் ஒன்றுமில்லை என்று அவர் சந்நிதியில் நின்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது? சித்திரையில் கூவாகத்தில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறீர்கள். 2018இல் தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஒரு ஆணும் திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டு பதிவுக்குப் போனபோது மட்டும் முடியாது என்றார்கள். மறு ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். நம் புராணங்களைச் சுட்டிக்காட்டித்தான் தீர்ப்பை எழுதினார். சிவன் கோயில் ஏற்றுக்கொண்ட கல்யாணத்தைப் பதிவு அலுவலகம் மறுத்தது. இதில் சமயத்துக்கு விரோதமாக நடந்தது யார்?

அதே திருச்செங்கோட்டுக் கோயிலுக்கு 2015 ஜூனில் தோழியோடு வந்த கோகுல்ராஜ் என்ற பட்டியல் சாதி இளைஞரைக் கடத்திக்கொண்டு போனார்கள். பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. 2022இல் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களும் திருமணத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள்தான். அவர்களுக்கு வாய்த்த ஆயுதம் சாதி, இந்த நோட்டீஸுக்கு வாய்த்தது சாமி படம். யார் யாரோடு வாழலாம் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்ற ஆணவம் இரண்டிலும் ஒன்றே. சாதி மாறிக் கட்டியவர்களுக்காக மேடையில் கண்ணீர் விடும் கட்சிகள் இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. 2023இல் மத்திய அரசு ஒரேபாலினத் திருமணம் பற்றி மாநிலங்களிடம் கருத்துக் கேட்டபோது எதிர்ப்புத் தெரிவித்தவற்றில் காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் ஒன்று. மறு வருஷம் அதே காங்கிரஸ் தன் தேர்தல் அறிக்கையில் ஒரேபாலின இணையரின் சேர்வாழ்வை அங்கீகரிக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியது. அந்த வரியை எங்கள் மலையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவர் எவரையும் நான் பார்க்கவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். இன்னொரு பெண்ணோடு பல வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். சேர்ந்து சீட்டுக் கட்டுகிறார்கள், மாரியம்மனுக்குச் சேர்ந்து விரதம் இருக்கிறார்கள். இவளுக்கு வயிற்றில் அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தபோது கூட இருந்தவள் கையெழுத்துப் போடப் போனாள். "நீ யார்?" என்றார்களாம். தோழி என்றாளாம். ரத்த சம்பந்தம் உள்ளவர் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன்காரன் இங்கே மிளகு பறித்துக்கொண்டிருந்தவன், செம்மேடு வந்து பஸ் பிடித்து, நாமக்கல் போய், ஈரோடு போய், திருப்பூர் போய்ச் சேர இருட்டிவிட்டது. அதுவரை ஒருத்தி உள்ளே வலியில் துடிக்க, இன்னொருத்தி வராந்தாவில் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பேசுவதற்குக்கூட வராத அண்ணனுக்கு உரிமை உண்டு, கஞ்சி வைத்துக் கொடுத்தவளுக்கு இல்லை. அந்த வராந்தாவில் காப்பாற்றப்பட்ட தெய்வத் திருமணம் எது என்று நோட்டீஸ் கொடுத்த அண்ணன் எனக்குச் சொல்லட்டும்.

பக்தியின் பெயரால் வேறென்ன நடக்கிறது என்பதும் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவள் இணையிடமிருந்து பிரித்து வீட்டுக்கு இழுத்துப் போய், அடித்து, 'சரியாக' வேண்டும் என்று சடங்குகள் செய்ய வைத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவளை விடுவித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் சொன்னார்கள். நான் அன்றாடம் விளக்கேற்றுகிறவள். அந்த விளக்கையும் விபூதியையும் ஒரு பிள்ளையை வதைக்க எடுத்தால் அதைவிடப் பெரிய சாமி குத்தம் எனக்குத் தெரியாது.

இதே கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்று ஒரு மிஷனரித் தம்பதி வந்து தங்கினார்கள். எனக்கு அவர்கள் மதம் இல்லை. ஆனாலும் மருந்துப் பெட்டியோடு மலையின் ஒவ்வொரு நாடாக நடந்து, இங்கேயே காய்ச்சலில் ஜெஸ்ஸி 1929இல் செத்துப்போனார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். மதத்தை எடுத்துக்கொண்டு மலையேறுகிறவர்கள் அந்த மாதிரி ஏறட்டும். சாமி படம் போட்டு ஓட்டுக் கேட்பது சட்டப்படியும் தவறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு அதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. கோயில் வாசலில் நோட்டீஸ் நீட்டுகிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அச்சடித்துக் கொடுத்தவருக்குத் தெரியும்.

திருமணத்தைக் காப்பாற்றியே தீருவோம் என்றால் மலையில் வேலை இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிற பெண் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று இருபது வருஷம் கரும்பலகை முன் நின்ற எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் கழுத்தில் மஞ்சள் கயிறு, மறு வருஷம் இடுப்பில் பிள்ளை, ரத்தசோகையில் வெளுத்துப்போன முகம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது 2006இல். எந்த ஆன்மிக அன்பர் அந்த வீட்டுப் பந்தலில் போய் நின்று தடுத்தார்? அந்தப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்து மொய் எழுதியவர்கள் இவர்கள். எந்த நோட்டீஸிலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை, ஏனென்றால் அந்தத் தகப்பன்மார் அத்தனை பேருக்கும் ஓட்டு இருக்கிறது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரேபாலின இணையருக்குத் திருமண உரிமையை நாங்கள் தர முடியாது, சட்டமன்றங்களும் பாராளுமன்றமும் பார்க்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. மறு வருஷம் மத்திய அரசே ஒரே ரேஷன் கார்டு, கூட்டு வங்கிக் கணக்கு, இறந்தவர் உடலைப் பெறும் உரிமை என்று சிலவற்றுக்குச் சுற்றறிக்கை விட்டது. செத்த பிறகு உடலை வாங்கலாம், உயிரோடு இருக்கும்போது கல்யாணம் கூடாது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழ்நாடு அரசுக்கு ஒரு யோசனை சொன்னார்: இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்கள் குடும்ப உறவை ஒரு பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொள்ள வழி செய்யுங்கள் என்று. அதற்கு எந்தக் கோயிலின் அனுமதியும் வேண்டாம், எந்தப் புரோகிதரும் மந்திரம் சொல்ல வேண்டாம். பதிவு அலுவலகத்தில் ஒரு படிவமும் ஒரு முத்திரையும் போதும்.

எங்கள் சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி. தமிழ்நாட்டில் இப்படி இரண்டே தொகுதிகள். தங்கள் கல்யாணத்தைத் தங்கள் வழக்கப்படி நடத்தும் உரிமையைச் சட்டத்திலேயே பெற்ற மக்களின் பிரதிநிதியாக நிற்கிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் நான் இரண்டு கேள்வி கேட்கப் போகிறேன். அந்தப் பத்திரத்துக்குச் சட்டமன்றத்தில் கை தூக்குவீர்களா? என் மாணவியின் ஆபரேஷனுக்கு அவளோடு வாழ்கிறவள் கையெழுத்துப் போடலாம் என்று அரசாணை வாங்கித் தருவீர்களா? கட்சி எதுவானாலும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வேன்.