கரையைக் காட்டாத வெள்ளப் படம்

அடைமழைக் காலத்தில் எந்தக் கிராமம் மூழ்கும், எது தப்பும் என்பதை முன்கூட்டிக் காட்டும் படம், ஜனங்களின் உயிரையும் பயிரையும் காக்கும் சாதனமாகும். இதற்கு எளிய முறையொன்று உண்டு. ஒவ்வோரிடமும் அருகிலுள்ள நீரோட்டத்தைவிட எத்தனை அடி உயரத்திலிருக்கிறதென்று கணக்கிட்டு, அத்தனை அடி நீர் ஏறினால் அவ்விடம் மூழ்குமென்று குறிப்பதே அது. அமேஸான் காட்டுப் பூமியை ஆராய்ந்த பிரேஸில் விஞ்ஞானிகள் முதலானோர் 2008-ல் இதை வெளியிட்டனர். செலவு சொற்பம், பள்ளத்தாக்குகளில் பலனும் நன்று.

ஆனால் அறந்தாங்கி வட்டாரத்தின் பூமி வேறு வகையானது. கடலை நோக்கி மெல்லச் சரியும் சமவெளியில் ஏரிகள் தொடர்ந்து அமைந்திருக்கின்றன. ஒன்றின் கலுங்கு வழிந்தால் அடுத்தது நிரம்பும். கல்லணைக் கால்வாயின் கடைமடையும் இப்பக்கத்திலேயே முடிகிறது. இங்கே வெள்ளத்தின் போக்கை நிர்ணயிப்பது இயற்கைச் சரிவு மட்டுமன்று. மனிதன் கட்டிய கரையுமாகும்.

அந்தக் கரைதான் படத்தில் காணப்படுவதில்லை. 2000-ல் அமெரிக்க விண்கலமொன்று ராடார் கொண்டு எடுத்த உயர அளவுகள் இத்தகைய படங்கள் பலவற்றுக்கு ஆதாரம். அவற்றில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியே உண்டு. குறுகிய ஏரிக்கரை அதில் மறைந்துவிடுகிறது. தென்னந்தோப்போ மேட்டு நிலம்போல் தோன்றுகிறது. 2022-ல் பிரிஸ்டல் சர்வகலாசாலையார் மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் திருத்திய படத்தை வெளியிட்டனர். மரத்தை அந்நியர் கழித்துத் தரலாம். நம் ஊர்க் கரையை யார் சேர்ப்பது?

அது நமது கடமையே. சென்னை ராஜதானியில் 1883-ல் தொடங்கிய ஏரிப் புனருத்தாரணத் திட்டத்தில் ஏரிதோறும் விவரக் குறிப்புகள் எழுதப்பட்டன. அவ்வழக்கத்தை நீர்வளத் துறையினர் புதுப்பித்து, கரையின் உச்சி, மதகு, கலுங்கு ஆகியவற்றின் மட்டங்களை இன்று அளந்து படத்தில் ஏற்ற வேண்டும். முன் வெள்ளங்கள் எட்டிய இடங்களைக் கிராம முதியோரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செயற்கைக்கோளை நம் நாடே 2022-ல் ஏவியிருக்கிறது. அதன் படங்களோடு ஒப்பிட்டுப் பிழை களைய வேண்டும்.

சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் நுட்பமுள்ள உயரப் படம் 2030-க்குள் தயாராகவேண்டுமென்பது இந்திய சர்க்காரின் 2022-ஆம் ஆண்டுக் கொள்கை. அதுவரை பொறுக்கலாமே என்பர் சிலர். மழை பொறுக்குமா? படம் மேடென்று பொய் சொன்ன ஊருக்கு எச்சரிக்கை போகாது, படகும் போகாது. பிழையான படம், படமின்மையைவிடக் கொடியது. அடுத்த ஐப்பசிக்குள் அறந்தாங்கியில் இவ்வேலை தொடங்கட்டும் என்பதே நமது கோரிக்கை.