கரிசல் காட்டில் ஒரு கப்பல்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே உள்ள நமது சீமையில் கடற்கொள்ளைக்காரரைப் பற்றி எழுதப் புகுந்தால், நேயர்கள் நகைக்கக்கூடும். கரிசல் மண்ணும், சீமைக் கருவேலும், வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறும்தான் இங்கு உண்டு. இராமநாதபுரம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலத்திலாவது, கடல் நமது ஜில்லாவில் இருக்கிறது என்று பெருமை பேசிக்கொள்ள வழி இருந்தது. 1985-இல் விருதுநகர் தனி மாவட்டமான பிறகு அந்தப் பெருமையும் போயிற்று!

ஆயினும் சென்ற சித்திரை வெயிலில் நாம் பத்து நாள் கடற்பிரயாணம் செய்தோம். பரணில் கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், நமது புதல்வன் பள்ளிக்கூடத்து நாட்களில் வாசித்த 'ஒன் பீஸ்' என்னும் ஜப்பானியச் சித்திரக் கதையின் முதல் பன்னிரண்டு தொகுதிகள் அகப்பட்டன. பரீட்சைக் காலத்தில் அவனிடமிருந்து அவற்றைப் பறித்துப் பரணில் போட்டவர் நாமேதான். பறித்த புஸ்தகங்களை, அவன் உறங்கிய பின் 'பரிசோதனை' என்ற பெயரில் இரவெல்லாம் வாசித்தவரும் நாமேதான். பையன் இப்போது வேலையை முன்னிட்டு வெளியூரில் இருக்கிறான். புஸ்தகங்களைப் பழைய காகிதக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிடலாம் என்றெண்ணிக் கீழே இறக்கினோம். முதல் தொகுதியைப் பிரித்ததுதான் தவறு; தராசு வாசலில் காத்துக்கொண்டே நின்றது.

ஐச்சிரோ ஓடா என்பவர் தமது இருபத்திரண்டாவது வயதில், 1997-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை இது. 2021-இல் நூறாவது தொகுதி வெளிவந்தது. 2022-க்குள் உலகெங்கும் 50 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் பரவிவிட்டன. உலகத்தை வாசிக்க வைக்க வேண்டும் என்பதற்காக அவர் அயல் பாஷையில் எழுதவில்லை என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். தம் மக்களுக்காகத் தம் மொழியில் எழுதினார். உலகம் அவரைத் தேடி வந்தது. பிற நாட்டுச் சித்திரக் கதையைத் தமிழாக்கிக்கொள்வதும் நமக்குப் புதிதன்று. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972-இல் 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கி, இங்கிலாந்துக் கதாநாயகன் ஒருவனை 'இரும்புக்கை மாயாவி' என்று நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிவிட்டதல்லவா?

கதாநாயகன் லூஃபி பதினேழு வயதுப் பிள்ளை. கொள்ளைக்காரருக்கெல்லாம் அரசனாவேன் என்று கிளம்புகிறான்; ஆனால் நீந்தத் தெரியாது! சின்னஞ்சிறு படகில் புறப்பட்டு, முதலிலேயே ஒரு சுழியில் சிக்குகிறான். பிரளய வெள்ளத்தை இறைவன் சூலத்தால் சுழித்துப் பூமிக்குள் செலுத்தியதால் திருச்சுழி எனப் பெயர் வந்தது என்பது நமது ஸ்தல புராணம். ஆகவே, சுழியில் தொடங்கும் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

முன்பு வாசித்தபோது அடிதடியும் கூச்சலுமே கண்ணில் பட்டன. இப்போது கண்ணில் பட்டது பசி. சான்ஜி என்ற சமையற்கார வாலிபன் சிறுவனாயிருந்தபோது, செஃப் என்ற கிழட்டுக் கொள்ளைக்காரனுடன் ஒரு வெறும் பாறையில் 85 நாள் கிடக்கிறான். கிழவன் தனக்கெனப் பெரிய மூட்டையை வைத்துக்கொண்டு, பையனுக்குச் சிறிய மூட்டையைத் தருகிறான். பொறாமையால் வெந்த பையன் ஒருநாள் பெரிய மூட்டையைக் கத்தியால் கிழிக்கிறான். உள்ளே இருந்தவை பொன்னும் மணியும். ஒரு பருக்கை உணவு இல்லை. உணவு முழுவதையும் பையனுக்கே கொடுத்துவிட்டு, கிழவன் தன் காலையே தின்று உயிர் பிழைத்திருந்தான். அந்தப் பையன் வளர்ந்த பின், பசித்து வந்தவன் பகைவனே ஆனாலும் சோறு போடாமல் அனுப்புவதில்லை. உண்டவன் உடனே துரோகம் செய்கிறான். அப்போதும் அவன் தன் விரதத்தைக் கைவிடவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் கதைகளைப் பாட்டிமார் வாய்வழிக் கேட்டு வளர்ந்த சீமைக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுமா?

இன்னொன்று கடன். அர்லாங் என்னும் கொடியவன் ஒரு கிராமத்தைப் பிடித்துத் தலைவரி போடுகிறான்: பெரியவருக்கு ஒரு லட்சம், குழந்தைக்கு ஐம்பதாயிரம். பெல்மேர் என்ற பெண்ணிடம் இருப்பதோ ஒரு லட்சந்தான். எடுத்து வளர்க்கும் இரு பெண்களையும் 'என் குழந்தைகள் அல்ல' என்று சொல்லிவிட்டால் அவள் பிழைக்கலாம். அவள் சொல்லவில்லை. பணத்தை இருவருக்கும் கட்டிவிட்டு உயிரை விடுகிறாள். இளைய மகள் நாமி, கிராமத்தை மீட்க எட்டு ஆண்டுகள் பத்துக் கோடி சேர்க்கப் பாடுபடுகிறாள். கைக்கு எட்டும் சமயத்தில் கடற்படை அதிகாரி ஒருவனே அதைப் பறித்துப் போகிறான். குடும்பக் கடனைத் தீர்க்க ஊர்விட்டு ஊர் போய் வேலை செய்யும் பெண்களை அறிந்தவர்கள், இந்தப் பக்கங்களை உலர்ந்த கண்ணோடு கடக்க மாட்டார்கள். நாமும் கடக்கவில்லை. வாசலில் நின்ற காகிதக்காரர் 'என்னங்க ஐயா, யாருக்கு என்ன?' என்று பதறிப் போனார். அவரை வெறுந்தராசுடன் அனுப்பி வைத்தோம்.

அன்று மாலை புதல்வனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்று சொன்னீர்களே அப்பா" என்றான். எட்டு வருஷத்துக்கு முந்திய வாக்கு! நமக்கு மறந்தே போயிற்று, அவனுக்கு மறக்கவில்லை.

இப்போது எதிர்வீட்டு நெசவாளர் மகன் முதல் தொகுதியைக் கேட்டு வந்திருக்கிறான். புதல்வனும் சம்மதித்தான். கதையில் ஷாங்க்ஸ் தன் வைக்கோல் தொப்பியை லூஃபிக்கு இனாமாகக் கொடுப்பதில்லை. பெரியவனாகித் திருப்பிக் கொடு என்று இரவலாகவே கொடுக்கிறான். அதே நிபந்தனையுடன் நாமும் கொடுத்தோம். இரவல் போன புஸ்தகம் நம் ஊரில் வீடு திரும்புவது குண்டாற்றில் வெள்ளம் வருவது போலத்தான். ஆனால், வெள்ளம் ஒருபோதும் வராமலே போய்விடவில்லையே!