விலை எழுதாத பெட்டி

செத்தவீட்டுக் காரியத்தில் விலை பேசக்கூடாது என்பது வன்னியில் எவரும் எழுதிவைக்காமலே நடக்கும் சட்டம். வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்குக் கிலோவில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்ட வியாபாரியைக் களத்திலிருந்தே திருப்பி அனுப்பும் கமக்காரர், தாய்க்குப் பெட்டி எடுக்கப் போனால் வாய் திறக்கமாட்டார். திறந்தாலும் பக்கத்தில் நிற்கும் மச்சான் விடமாட்டார். "மாமிக்கு இதுதானே கடைசி. இதிலயும் கணக்குப் பாக்கிறதே?" அதற்குமேல் யார் என்ன கேட்பது?

மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் வரும் மல்லாவியாகட்டும், கிளிநொச்சி, வவுனியா நகரங்களாகட்டும், மலர்ச்சாலை வாசலில் இந்த வெட்கம் எல்லோரையும் ஒரேமாதிரித்தான் பிடிக்கிறது. மினுங்கும் கைபிடியும் வெல்வெட் துணியும் வைத்த பெட்டி கண்ணுக்கு நேரே இருக்கும். சாதாரணப் பெட்டி உள்ளே எங்கோ இருக்கும், கேட்டால்தான் வரும். கேட்கத்தான் வெட்கமாயிற்றே. பிறகு பெட்டி, எம்பாம், வாகனம், பந்தல், கதிரை, சோடனை எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக ஒரு துண்டில் வந்தால், எதற்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இதற்குப் பெயர் மரியாதையாம். சைவ வீடுகளில் பெட்டியே பழைய வழக்கமல்ல. பாடை கட்டித்தான் பாட்டன் பூட்டன் சுடலைக்குப் போனார்கள். அவர்களுக்கு மரியாதை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் இந்தப் பிடிவாதத்துக்கு வன்னியில் கேலி செய்ய முடியாத ஒரு காரணம் இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களில் பலர், தங்கள் உறவுகளைப் பெட்டியுமில்லாமல் பறையுமில்லாமல் பதுங்குகுழிக்குள்ளேயே மூடிவிட்டு வந்தவர்கள். அன்று செய்ய முடியாமற்போனதை இன்றாவது செய்வோம் என்று தவிக்கிறவரிடம் விலைகூடிய பெட்டியைக் காட்டினால் தலை தானாக ஆடும். அந்தத் தவிப்பு உண்மையானது. அதனால்தான் அதன்மேல் வைக்கப்படும் விலை வெளிச்சத்தில் இருக்கவேண்டும்.

வெளிநாட்டுக் காசு இதை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. ஸ்காபரோவிலிருந்து அண்ணன் எடுத்துச் சொல்வார்: "திறமானதா எடுங்கோ, காசைப் பாக்காதேங்கோ." அந்த அண்ணன் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலோ, கேட்கிற எவருக்கும் விலைப்பட்டியலை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று மலர்ச்சாலைகளுக்குச் சட்டம் இருக்கிறது. இலண்டனில் இருக்கும் தங்கைக்கும் அப்படியே. பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் 16 முதல் ஒரே வடிவிலான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையத்தளத்திலும் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் இது 1984இலேயே வந்துவிட்டது: பெட்டிகளைக் காட்டுவதற்கு முன்னரே விலைப்பட்டியலைக் காட்டவேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும், சட்டம் கேட்காத இடத்தில் எம்பாம் கட்டாயம் என்று பொய் சொல்லக்கூடாது, வெளியே வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்தால் மறுக்கக்கூடாது. அந்த நாட்டாரும் பெற்றோரை மதிக்காதவர்களல்லர்.

இலங்கைக்கு இது புதிதாக இறக்குமதி செய்யவேண்டிய சரக்குமல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வியாபாரி தான் விற்கும் பொருட்களின் விலையைத் தன் வியாபார இடத்தில் பார்வைக்கு வைக்கவேண்டும் என்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் ஒன்று, பெட்டிக்கு வேறொன்று என்று இல்லை. 10ஆம் பிரிவின்படி விலை குறிப்பதுபற்றி அதிகாரசபை தனிப் பணிப்புரையே விடுக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

பெட்டிக்கு விலை எழுத முடியாது, மரத்துக்கு மரம் வேறுபடும் என்பது வழமையான மறுமொழி. கட்டிலும் அலுமாரியும் மரத்துக்கு மரம் வேறுபடுவதில்லையா? தளபாடக் கடையில் அவற்றில் விலைத்துண்டு தொங்குகிறது. நடுச்சாமத்தில் எழுப்பினாலும் வருகிறோம், கடனுக்கும் கொடுக்கிறோம் என்பது இன்னொரு மறுமொழி. அது நியாயம். அந்தச் சேவைக்குக் கூலி உண்டு. அதையும் தனி வரியாக எழுதட்டும்.

பெட்டி என்றால் பொத்திப் பேசவேண்டிய விடயம் என்ற எண்ணத்தைக் கொரோனாக் காலம் ஒருமுறை அசைத்துப் பார்த்தது. 2021இல் தெஹிவளை - கல்கிசை மாநகரசபை கடதாசி மட்டையில் செய்த பெட்டிகளைக் கொண்டுவந்தபோது, மலிவான மரப்பெட்டியின் ஆறிலொரு பங்குதான் அதன் விலை என்ற செய்தி உலகமெல்லாம் போனது. விலையைப் பகிரங்கமாகச் சொன்னதால் எவருடைய ஆத்மாவும் சாந்தியடையாமற் போனதாகத் தகவலில்லை.

உண்மையில், செத்தவீட்டில் விலை கேட்பது வெட்கம் என்று நம்புகிறவர்தான் விலைப்பலகைக்கு முதலில் கைதூக்கவேண்டும். சுவரில் விலை இருந்தால் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. மகன் கண்ணால் பார்ப்பான். ஐம்பதாயிரமா ஒன்றரை இலட்சமா என்று தன் மடியறிந்து விரலைக் காட்டுவான். மச்சானுக்குக்கூடக் கேட்காது.

ஊர்களில் இருக்கும் மரண உதவிச் சங்கங்கள் இதைத் தொடங்கலாம். துயரமில்லாத ஒரு நாளில், சங்கத்தின் பெயரில் மலர்ச்சாலைக்குப் போய், பெட்டிக்கும் எம்பாமுக்கும் வாகனத்துக்கும் தனித்தனி விலையை எழுதி வாங்கி வாசிகசாலைச் சுவரில் ஒட்டலாம். துணுக்காய்ப் பிரதேச சபையும் வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பலகை எங்கே என்று கேட்கலாம். அதுவும் நடக்காவிட்டால், நுகர்வோர் அதிகாரசபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977.