அறுபத்தொன்று கேட்ட விலை

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 60ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், இன்னொரு முழு எண்ணின் வர்க்கம் வர வேண்டும். எந்த எண்? 4 போதும். 16ஐ 60ஆல் பெருக்கினால் 960. ஒன்றைக் கூட்டினால் 961, அது 31இன் வர்க்கம். 62க்கும் சிரமமில்லை: 8ஐ எடுத்தால் 3,969 கிடைக்கிறது, அது 63இன் வர்க்கம். நடுவில் இருக்கிற 61க்கு மட்டும் மிகச் சிறிய விடையே 22,61,53,980.

ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து இதை எட்ட ஓர் ஆயுள் போதாது. ஆனால் 1150இல் இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் இந்த விடையைத் தந்துவிட்டார்.

அவருக்கு வழி திறந்தவர் பிரம்மகுப்தர். 628இல் எழுதிய நூலில் அவர் சொன்ன உத்தி அபாரமானது: சரியான விடையைத் தேடி அலையாதே, தவறும் விடைகளை ஒன்றோடொன்று பெருக்கு. அவரே எடுத்துக்கொண்ட 92ஐப் பார்ப்போம். சிறிய எண் 1, பெரிய எண் 10. பத்தின் வர்க்கம் 100. 92ஐக் கழித்தால் மீதி 8. வேண்டியதோ 1. இந்த ஜோடியை அதனோடேயே சேர்க்கிறார். புதிய சிறிய எண், இரண்டையும் பெருக்கி இரட்டித்தது: 20. புதிய பெரிய எண், 100உம் 92உம் கூடியது: 192. மீதிகளும் தம்முள் பெருகி 64 ஆகின்றன. இரு எண்களையும் 8ஆல் வகுத்தால் இரண்டரை, 24, மீதி 1. அந்த அரையைப் போக்க, இதையும் அதே விதிப்படி ஒருமுறை சேர்த்தால் 120, 1,151. மீதி ஒன்றை ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றுதானே! காகிதமும் பேனாவும் எடுத்துச் சரிபார்க்கிறவருக்கு அந்தக் கடைசி வரி தரும் மகிழ்ச்சி தனி.

எல்லா எண்ணும் 92 போல வளைந்து கொடுப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் மீதி பெருகிவிடாமல் கட்டுக்குள் வைக்கும் எண்ணைத் தேர்ந்து, அதையே சுழற்சியாகத் தொடர்வது சக்கரவாள முறை. பாஸ்கரருக்கு முன்பே ஜயதேவர் அதை அறிந்திருந்தார். 61க்கு 1, 8 என்று தொடங்கினால் மீதி 3. அடுத்த படியிலேயே 5, 39 வந்து, மீதி கழித்தல் 4 ஆகிறது. மீதி நான்கானால் நேரே விடைக்குப் போகும் குறுக்குவழியைப் பிரம்மகுப்தர் ஏற்கெனவே வகுத்திருந்தார். இருபத்திரண்டு கோடிக்கு இரண்டே எட்டில் பாதை தெரிந்துவிட்டது.

இதெல்லாம் ஐரோப்பாவுக்குத் தெரியாது. 1657இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா, சக கணிதர்களுக்குச் சவாலாக இதே 61ஐக் கேட்டார். அந்தச் சவால்களுக்குப் பொதுவழி கண்டவர் இங்கிலாந்தின் பிரௌங்கர். பின்னாளில் ஆய்லர் அந்தப் பெருமையை ஜான் பெல் என்பவருக்குத் தவறுதலாகக் கொடுக்க, ‘பெல் சமன்பாடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிரம்மகுப்தரின் நூற்பகுதியைக் கோல்புரூக் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1817இல்தான். உண்மை தெரிந்த பிறகும் பாடநூல்கள் பழைய பெயரையே அச்சிடுவது நியாயமல்ல. பிரம்மகுப்தரின் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் விடை உண்டு என்று நிறுவியவர் லக்ராஞ்சு. ஒன்று கிடைத்தால் முடிவில்லாமல் கிடைக்கும். அந்த முதல் ஒன்று எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதற்கு ஃபெர்மா கேட்ட இன்னோர் எண்ணான 109 சாட்சி: அதன் மிகச் சிறிய விடைக்குப் பதினான்கு இலக்கங்கள், 15140424455100.