குறி பார்த்தலும் குண்டு கிராமங்களும்

அமெரிக்காவில் வாழும் எங்கள் நண்பர் ஒருவர் அண்மையில் புதிதாகத் துப்பாக்கி ஒன்று வாங்கினார். தோட்டாவைப் பின்புறம் செருகும் இக்காலத் துப்பாக்கி அன்று அது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கிச் சுடும் பழைய வகை. நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதன் உறவினம்தான். அதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்த ஒரு பகற்பொழுதைப் பற்றி அவர் எங்களுக்கு நீண்ட மடல் ஒன்று எழுதியிருந்தார்.

இலக்கியம் பேசும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். குடிகாட்டில் அமர்ந்து அம்மடலைப் படித்தபோது, இங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில், தேவனாம்பட்டினத்தில், 1690ஆம் ஆண்டு நடந்த வேறொரு சூடு எங்கள் நினைவுக்கு வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் நண்பர் செய்ததைச் சொல்லிவிடுவோம். புதுத் துப்பாக்கியின் குழலிலும் தீப்பொறி செல்லும் துளையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஆகவே மருந்து போடாமல் கேப்பை மட்டும் இரண்டு முறை வெடித்துத் துளையை உலர்த்தினார். பிறகு கருமருந்தை அளந்து கொட்டினார். வெடியுப்பு முக்கால் பங்கும், எஞ்சியது கரியும் கந்தகமுமாகச் சேர்ந்த அதே பழைய கலவைதான். மசகு தோய்ந்த துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, அது மருந்தின்மேல் இடைவெளியின்றி உட்காரும்வரை கோலால் இறக்கினார். இடைவெளி இருந்துவிட்டால் குழலே வெடிக்கக்கூடும் என்பதால் இதில் அவர் மிகுந்த கவனம் கொண்டிருந்தார்.

இருபத்தைந்து கஜத்தில் இலக்கு அட்டை, மணல்மூட்டையின்மேல் துப்பாக்கி. மூன்று முறை சுட்டார். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழலைத் துடைத்தார். எரிந்த மருந்தின் கசடு குழலில் படிந்தால் அடுத்த குண்டு வேறிடம் போய்விடும். மூன்று துளைகளும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருந்தன. ஆனால் நடுப்புள்ளிக்கு இடப்புறமாகவும் சற்றுக் கீழாகவும் இருந்தன. அவருக்கு அதில் வருத்தமில்லை. துப்பாக்கி ஒரே மாதிரிதான் சுடுகிறது, அதன் குறிதான் சரியில்லை என்பது தெளிவாகிவிட்டது. பின்குறியை மயிரிழையளவு வலப்புறம் தட்டி நகர்த்தினார். முன்குறியை அரத்தால் சிறிதே தேய்த்துத் தாழ்த்தினார். முன்குறி தாழ்ந்தால் குண்டு உயரும். மீண்டும் மூன்று சூடு. மீண்டும் அரம். மாலைக்குள் துளைகள் புள்ளியை நெருங்கின. மறுநாள் ஐம்பது கஜத்துக்குப் போவதாக எழுதி மடலை முடித்திருந்தார்.

இதில் எங்களைக் கவர்ந்தது ஒன்றுதான். அந்தப் பகல் முழுவதும் அவர் ஒருமுறைகூட அட்டையை நகர்த்தவில்லை. அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. நகர்ந்ததும் தேய்ந்ததும் துப்பாக்கியின் பாகங்கள். மருந்தின் அளவு மாறியிருக்கலாம், சுடுபவரின் மூச்சு மாறியிருக்கலாம். ஆனால் இலக்கு அசையாது. குறி பார்த்தல் என்னும் கலையின் ஒழுக்கமே அதுதான். குண்டு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்துவிட்டு, சரியாகச் சுட்டேன் என்று சொல்பவரைச் சுடுதளத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள்.

ஆனால் கடலூர்க் கரையில் நடந்தது ஏறக்குறைய அதுதான். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. செஞ்சியில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்த காலம் அது. சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு ஒப்பந்தம் தந்த விடை விந்தையானது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் கம்பெனிக்கு. அவ்வாண்டு செப்டம்பரில் பெரிய பீரங்கி ஒன்று வெவ்வேறு திசைகளில் சுடப்பட்டது. அதன் எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் அனைத்தும், கடலூர் நகரம் உட்பட, கம்பெனியின் கைக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

இங்கே சொல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கண்டது 'ராண்டம் ஷாட்' என்பது. இன்று அச்சொல்லைக் கேட்பவர், குருட்டாம்போக்கில் சுட்டது என்று எண்ணக்கூடும். அக்காலப் பீரங்கிக்காரர்களுக்கு அது தொழிற்சொல். குழலைக் கிடையாக வைத்துச் சுடுவது 'பாயிண்ட் பிளாங்க்'. வாயை உயர்த்தி எட்டுமட்டும் எறிவது 'ராண்டம்'. முன்னதற்கு இலக்கு உண்டு. பின்னதற்குத் தூரம் மட்டுமே உண்டு. பீரங்கியும் வாய்வழி கெட்டிக்கப்படுவதுதான். மருந்தை எவ்வளவு இடுவது, குழலை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் சுடுபவரின் கையில் இருந்தன. கெட்டிப்பதில் காட்டும் திறமை ஏக்கர் கணக்கில் பலன் தரும் என்பதைக் கம்பெனி அறியாமல் இல்லை.

எங்கள் நண்பரின் சோதனையில் தனியே விலகிப்போகும் குண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றையோ ஐந்தையோ சுட்டு அவற்றின் நடுவையே துப்பாக்கியின் இயல்பாகக் கொள்வார்கள். தேவனாம்பட்டினத்தில் விலகி அதிகம் போன குண்டே ஆதாயம். நண்பர் நிலத்துக்கு ஏற்பக் கருவியைத் திருத்தினார். அங்கே கருவிக்கு ஏற்ப நிலம் திருத்தப்பட்டது.

அந்நாளில் உலகெங்கும் அப்படித்தானே அளந்தார்கள் என்று ஒரு வாதம் எழலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒரு நாட்டின் கடல் எல்லை அதன் கரையிலுள்ள பீரங்கியின் வீச்சோடு முடிகிறது என்று டச்சுச் சட்ட அறிஞர் பிங்கர்ஷூக் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அக்கருத்தே பின்னாளில் மூன்று கடல் மைல் என்னும் வழக்கத்துக்கு அடிப்படையாகச் சொல்லப்பட்டது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையில் அது பன்னிரண்டு மைலாயிற்று. ஆனால் அங்கே பீரங்கியின் வீச்சு ஆசைக்கு வரம்பு கட்டியது. இதற்கு மேல் உனக்கு உரிமையில்லை என்றது. மேலும், கடலில் வயலும் களமும் குளக்கரையும் இல்லை. கடலூரில் குண்டு போய் விழுந்த மண்ணில் உழுதுகொண்டிருந்த மனிதர்கள் இருந்தார்கள்.

இந்நிகழ்ச்சி நம்மிடையே சொல்லப்படும் முறையில்தான் எங்களுக்கு மனக்குறை. கடலூர் வரலாற்றைப் பேசுபவர்கள் இதை ஒரு சுவையான துணுக்காகவே சொல்லி நகர்கிறார்கள். கேட்பவர்களும் புன்னகைக்கிறார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியது இந்தக் கோட்டையே. 1758இல் லாலியின் படை அதைப் பிடித்து இடித்தது. அதற்கு வித்தான நிகழ்ச்சியைத் துணுக்காகச் சுருக்குவது சரியன்று. நமக்கு எட்டியிருப்பதும் பெரும்பாலும் வாங்கியவரின் எழுத்து. சுட்டவரின் பக்கம் நின்றே நாமும் கதையைச் சொல்லிவருகிறோம்.

இதே மண்ணில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைக் கைத்தொழிலாக அறிந்தவர்கள் நரிக்குறவர்கள். ஒரு சூடு போனால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். அதற்குள் பறவை பறந்துவிடும். ஆகவே துப்பாக்கி எவ்வளவு தூரம் எட்டும், எவ்வளவு தூரத்தில் கைவிடும் என்பது வேட்டைக்காரனுக்கு உடம்பில் ஊறிய அறிவு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே நிறுத்தியது. அச்சட்டங்களின் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தன் கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் நின்றவனை ஐயத்தோடு பார்க்கிறோம். கருவியின் எல்லையையே தன் எல்லையாக்கிக்கொண்டவரின் கதையை வேடிக்கையாகச் சொல்கிறோம். இந்த முரண் நம்மை உறுத்த வேண்டாமா?

குடிகாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையோடு வாழும் ஊர் இது. எங்கோ அமர்ந்தவர்கள் வரைபடத்தில் இழுத்த கோடு வீட்டு வாசலில் எப்படி வந்து இறங்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றில் வரும் நெடியே சொல்லிவிடும்.

வரலாற்றுப் புதினம் எழுத விரும்பும் இளைய நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அரசர்களையும் அரண்மனைகளையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, 1690ஆம் ஆண்டின் அந்தச் செப்டம்பர் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியும் பீரங்கியும் எப்படிக் கெட்டிக்கப்படுகின்றன என்பதைக் கற்றுக்கொண்டு எழுதுங்கள். நம் புதினங்களில் வீரர்கள் மூச்சுவிடாமல் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்; அந்தப் பிழையாவது நீங்கட்டும். ஆனால் பீரங்கியின் பின்னால் நிற்காதீர்கள். ஏதோ ஒரு வயல்வரப்பில், தொலைவில் எழுந்த புகையை முதலில் கண்டு, ஓசையைப் பிறகு கேட்டு, சேற்றில் புதைந்த இரும்புக் குண்டை என்னவென்று புரியாமல் சுற்றி நிற்கும் மனிதர்களோடு நின்று எழுதுங்கள். தங்கள் ஊர் கைமாறிவிட்டது என்பதை அவர்களுக்கு யார், எப்போது, என்ன சொல்லில் தெரிவித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.