பொருத்து வீடும் பொருந்தா நியாயமும்

யுத்தத்தில் வீடிழந்தோருக்கு வீடு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தகைய வீடு, எவர் கையால், எவ்வளவு செலவில் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்கு உரியது? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு வீடுகளின் தொகையை மாத்திரம் பேசுவது நமது வீடமைப்பு அரசியலின் நெடுநாளைய நோயாகும். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 65,000 பொருத்து வீடுகளை அமைப்பதென 2016 ஆம் ஆண்டில் பெரும் விவாதத்துக்குள்ளான திட்டம் இந்நோயின் தெளிவான அறிகுறி. அத்திட்டம் கருதப்பட்டவாறு நிறைவேறவில்லை. எனினும் அதனைத் தோற்றுவித்த சிந்தனை மறைந்துவிடவில்லை. ஆகவே அது மீண்டும் வேறொரு பெயரில் வருமுன் அதனை ஆராய்தல் நம் கடமையாகின்றது.

முதலில் விடயத்தைச் சுருக்கமாக நோக்குவோம். பன்னாட்டு உருக்கு நிறுவனமொன்று தயாரிக்கும் பாகங்களைக் கொணர்ந்து கிராமங்களிலே பொருத்திக் கொடுப்பதே திட்டம். ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. சூரிய மின்வசதி, தளபாடங்கள், எரிவாயு அடுப்பு என்பனவும் அதனுள் அடங்கும் என்றார்கள். அதே 2016 இல் கல்வீடு கட்டுவதற்கென அரசு ஒரு குடும்பத்துக்கு வழங்கிய உதவி 8 இலட்சம் ரூபா. அதற்கு முன் இந்திய வீடமைப்புத் திட்டம் வழங்கியது ஐந்தரை இலட்சம். ஆக, ஒரு பொருத்து வீட்டுக்குச் செல்லும் பணம் இரண்டு கல்வீடுகளுக்குக் கொடுத்தும் மிஞ்சும். கடனாகப் பெறவிருந்த இப்பணத்தைத் திருப்பிச் செலுத்தவேண்டியவர்கள் இந்நாட்டு மக்களே.

திட்டத்தின் ஆதரவாளர்கள், வீடுகள் விரைவாக அமையும் என்றனர். ஓலைக் கொட்டிலிலே ஆண்டுக்கணக்காக மழையில் நனைந்தவர்களுக்கு விரைவு பெரிதென்பது உண்மையே. ஆனால் வீடு என்பது திறப்பு கையளிக்கப்படும் நாளோடு முடிந்துவிடும் பொருளன்று. நமது கிராமங்களில் வீடு வளர்கின்றது. இன்று ஓர் அறையும் விறாந்தையும். நெல்லோ வெங்காயமோ கைகொடுத்த ஆண்டில் மற்றோர் அறை. மகளுக்குச் சீதனமாக எழுதும்போது மேலும் ஒரு பகுதி. சீமெந்துக் கல்லால் எழுப்பிய சுவரை ஊர் மேசனே இடித்து நீட்டுவான். தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட சுவரை யார் நீட்டுவது? அது பழுதுபட்டால் எந்தக் கடையில் பாகம் வாங்குவது? விறகடுப்பு எரியும் குசினிக்கு அவ்வீட்டில் இடமில்லை என்ற குறையும் அன்றே சுட்டிக்காட்டப்பட்டது. எரிவாயுக் கொள்கலன் வாங்கப் பணமில்லாத நாளில் அக்குடும்பம் எங்கே சமைக்கும் என்று வரைபடம் கீறியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, பல்லாயிரவர் விண்ணப்பித்துள்ளனர், எனவே மக்கள் விரும்புகின்றனர் என்று வாதிட்டார்கள். இவ்வாதமே மிகவும் ஆபத்தானது. கல்வீடா பொருத்து வீடா எனக் கேட்டு, இரண்டின் செலவையும் ஆயுளையும் விளக்கிய பின் பெறப்படும் கையொப்பம் ஒன்று. இதனை ஏற்காவிடின் வேறெதுவும் கிடையாது என்ற அச்சத்தில் இடப்படும் கையொப்பம் மற்றொன்று. பசித்தவன் முன் ஒரே ஒரு கோப்பையை வைத்துவிட்டு, அவன் அதனை விரும்பித் தெரிந்தெடுத்தான் எனல் நியாயமாகுமா?

பணம் எங்கே போகின்றது என்பதும் சிந்தனைக்குரியது. கல்வீடு கட்டும்போது மேசனும் தச்சனும் கல்லரிபவனும் உழவு இயந்திரம் வைத்திருப்பவனும் கூலி பெறுகின்றனர். யுத்தத்தால் தொழில் சிதைந்த பிரதேசத்திலே அக்கூலி சிறிய விடயமன்று. பொருத்து வீட்டிலோ பணத்தின் பெரும்பகுதி கிராமத்தின் படலையைத் தாண்டாமலே வெளியேறிவிடும்.

மக்கள் தாமே கட்டத் தகுதியற்றவர்கள் என்று நினைப்போர் இந்நாட்டு வரலாற்றையாவது படித்தல் நன்று. 1978 இல் ஆரம்பித்த இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசே முன்னின்று வீடுகளை அமைப்பித்தது. அம்முறை செலவு மிக்கதெனக் கண்டபின், 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் சிறு கடன்களைக் கொடுத்து மக்களையே கட்டச் செய்தது. இரண்டையும் முன்னின்று நடத்தியவர் ஆர். பிரேமதாசவே. பல தசாப்தங்களுக்கு முன் தெற்கில் கற்ற பாடத்தை வடக்கிலும் கிழக்கிலும் மறந்தது ஏன்?

இவ்விடத்து எதிர்த்தோரையும் விமர்சிக்காது விடுதல் நேர்மையன்று. கல்வீடு என்று முழங்கியோர் பலர், கல்வீட்டுத் திட்டத்தின் துன்பங்களைப் பேசவில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு கட்டுப்பணம், சுவர் எழுந்தால் மற்றொன்று என உதவி வந்தது. மணலும் சீமெந்தும் விலையேறின. நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கூரையை எட்டிய குடும்பங்கள் எத்தனையோ. கணவனை இழந்த பெண் தனியே மேசனோடு பேரம் பேசவேண்டியிருந்தது. மக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தல் அவர்களைத் தனியே விட்டுவிடுதல் ஆகாது. மேலும், அரசியல்வாதிகளும் பல்கலைக்கழகத்தவராகிய நாமும் மண்டபங்களிலே விவாதித்தோம். வீடற்றோருள் எத்தனை பேர் அம்மேடைகளில் பேசினர்?

ஆதலின் நாம் வேண்டுவது மூன்று. திட்டம் ஒப்பந்தமாகுமுன் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கூடிய பொதுக் கூட்டத்தில் தமிழிலே முழு விபரமும் வைக்கப்படல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தெரிவுகள் செலவோடு காட்டப்படல் வேண்டும். உதவித்தொகை பொருள்களின் விலையோடு உயர்வதுடன், முதியோருக்கும் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கும் கட்டுமானத் துணை வழங்கப்படல் வேண்டும். இவற்றைக் கேட்டறிந்த பின்னும் ஒரு கிராமம் பொருத்து வீட்டையே விரும்புமாயின், அதனை மறுக்க நமக்கும் உரிமையில்லை. கூரையின் கீழ் உறங்கப் போகின்றவரே கூரையைத் தீர்மானிக்கட்டும்.