தெவிட்டிய டிரான்சிஸ்டருக்குப் பீட்டா இல்லை

ஓசூரில் கன்ட்ரோல் பேனல் போர்டு பழுது பார்க்கும் பட்டறைகளில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்: "சரக்கு டூப்ளிகேட்." ரிலே இழுக்கவில்லையா, டிரான்சிஸ்டர் கொதிக்கிறதா, பழி அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் தலையில் விழுந்துவிடும். சந்தையில் போலிச் சரக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பழியில் பெரும்பங்கு நம்முடைய மனப்பாடத்துக்குச் சேர வேண்டியது. "கலெக்டர் கரன்ட் என்றால் பேஸ் கரன்டின் பீட்டா மடங்கு": டிப்ளமோ வகுப்பில் தொடங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வு வரை இதை டிரான்சிஸ்டரின் சட்டமாகவே ஒப்பிக்கிறோம். பெருக்கியாக வேலை செய்யும் ஆக்டிவ் நிலைக்கு மட்டும் பொருந்துகிற கணக்கைச் சட்டமாக்கியதுதான் தவறு.

24 வோல்ட் ரிலே ஒன்று; காயில் 480 ஓம். முழு வோல்டேஜில் 50 மில்லி ஆம்ப் ஓடும். ஓட்டுவது பிசி547 டிரான்சிஸ்டர், கட்டளை தருவது 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர். மனப்பாடக்காரர் பீட்டாவை 250 என்று வைத்து, பேஸுக்கு 0.2 மில்லி ஆம்ப் போதும் என முடிவுகட்டி 22 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுவார். மேசையில் ரிலே 'டிக்' என்று இழுக்கும். அடுத்த கட்டுச் சரக்கில் வந்த டிரான்சிஸ்டருக்குப் பீட்டா 120 என்றால்? காயிலில் ஓடுவது 23 மில்லி ஆம்ப்தான். 11 வோல்ட் காயிலுக்கு, மீதி 13 வோல்ட் டிரான்சிஸ்டருக்கு. ரிலே இழுக்காது, பட்டாணி அளவு உடம்பில் 0.3 வாட் எரியும். அந்தச் சரக்கு போலியே அல்ல. பிசி547 குடும்பத்துக்குத் தயாரிப்பாளர்களே தரும் பீட்டா 110 முதல் 800 வரை!

பீட்டா வெப்பத்தோடு ஏறும், குளிரில் இறங்கும். ஆகவே ரிலே இழுக்குமா இழுக்காதா என்ற விளிம்பில் பீட்டாவோடு தத்தளிக்கும் போர்டு, ஓசூரின் மார்கழிக் குளிரில் முதல் ஷிப்டில் மக்கர் பண்ணிவிட்டு, பதினோரு மணி வெயிலுக்கு ஒழுங்காகிவிடும். பாவம், அந்த ஷிப்ட் ஆபரேட்டர் வாங்கும் ஏச்சு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த 22 கிலோ ஓமுக்குப் பதில் 1.5 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். பேஸுக்கு ஏறத்தாழ 3 மில்லி ஆம்ப் போகும். பீட்டா 250 என்ற மனப்பாடத்தின்படி கலெக்டரில் 700 மில்லி ஆம்ப் ஓட வேண்டும். ஓடாது. 24 வோல்ட்டும் 480 ஓமும் சேர்ந்து அனுமதிப்பது 50தான். கலெக்டரின் வோல்டேஜ் 0.2 அளவுக்கு விழுந்து, பேஸைவிடத் தாழ்ந்துவிடும். ஆக்டிவ் நிலையில் எலெக்ட்ரான்களை வாரி இழுத்துக்கொண்டிருந்த பேஸ்-கலெக்டர் சந்தியும் இப்போது முன்னோக்கித் திறந்துகொள்கிறது. கரன்டைத் தீர்மானிப்பது இனி வெளிச் சுற்று. டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்ச். எரியும் சக்தி 0.3 வாட்டிலிருந்து நூறில் ஒரு வாட் அளவுக்கு இறங்கும்.

ஆங்கிலத்தில் 'சாச்சுரேஷன்' எனப்படும் இதற்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் 'தெவிட்டிய நிலை'. எவ்வளவு பொருத்தம்! தெவிட்டியவன் இலையில் இன்னும் எத்தனை கரண்டி பரிமாறினாலும் உள்ளே இறங்காது. தமிழில் படித்த பிள்ளைக்குப் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அதன்பிறகும் 'சாச்சுரேஷன் என்றால் முழுப் பெருக்கம்' என்று எழுதி மதிப்பெண் வாங்க வைக்கிறோம்.

தெவிட்டிய நிலை புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டு சந்திகளையும் சேர்த்து எழுதிய சமன்பாடுகளை எபர்ஸ், மோல் என்ற ஆய்வாளர்கள் 1954-லேயே வெளியிட்டார்கள். பிசி547-இன் டேட்டாஷீட்டும் மறைக்கவில்லை. பீட்டாவைச் சொல்லும் வரியில் கலெக்டர்-எமிட்டர் வோல்டேஜ் 5. அது ஆக்டிவ் நிலை. தெவிட்டிய நிலையின் வரியில் கலெக்டருக்கு 100 மில்லி ஆம்ப், பேஸுக்கு 5. இருபதுக்கு ஒன்று! முதல் வரியை மட்டும் படித்துவிட்டு சுவிட்ச் செய்கிறோம்.

பேஸில் அளவில்லாமல் கொட்டலாம் என்றும் நான் சொல்லவில்லை. அப்படிக் கொட்டினால் பேஸில் தேங்கும் மின்னூட்டம் வடியும்வரை டிரான்சிஸ்டர் அணையாது. ரிலேக்கு அந்த மைக்ரோ நொடிகள் பொருட்டில்லை; வேகமான பல்ஸ் சுற்றுக்கு அது பெரும் கேடு.

இந்தக் குழப்பம் இனி அதிகமாகவே உறுத்தும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் வந்துவிட்டன. அத்தகைய வண்டிகளின் மோட்டார் கன்ட்ரோலர்களில் மாஸ்ஃபெட் பரவலாக உண்டு. அங்கே 'சாச்சுரேஷன்' என்பது நேர் எதிரான நிலை: வோல்டேஜைத் தாங்கிக்கொண்டு சூடாகும், பெருக்கிக்குரிய பகுதி. பெயரை மட்டும் மனப்பாடம் செய்த இளைஞர் அங்கே எதைப் பிடித்துக்கொள்வார்?

பட்டறைத் தோழர்களிடம் ஒன்றே கேட்கிறேன். அடுத்த முறை ரிலே இழுக்காத போர்டு வந்தால், டிரான்சிஸ்டரைக் கழற்றுமுன், கட்டளை கொடுத்த நிலையிலேயே கலெக்டருக்கும் எமிட்டருக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். 0.2 காட்டினால் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்கிறது, காயிலைப் பாருங்கள். 13 காட்டினால், எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறுமுன் அந்த 22 கிலோ ஓமை எடுத்துவிட்டு 1.5 போட்டுப் பாருங்கள்.